அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள், அக்கா

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. சுருக்கித் தந்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

"எனக்கு 53 வயது. எட்டாவது வரை படித்தவள். வாய்க்கால் தண்ணியில் நெல்லும், மேட்டில் கொஞ்சம் மஞ்சளுமாக நாலு ஏக்கர் பண்ணையம். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். பையனுக்கு 28 வயது. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அங்கே இன்னொரு பையனுடன் நாலு வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவன் என்றுதான் நினைத்திருந்தோம். தை நோம்பிக்கு வந்தவனிடம் ஒரு பெண்ணின் ஜாதகத்தைக் காட்டினோம். அன்று ராத்திரி என்னிடம் மட்டும் சொன்னான், 'அம்மா, எனக்குப் பெண்கள் மேல் அந்த மாதிரி மனசு போகாது. அவன்கூடத்தான் கடைசிவரை இருக்கப் போகிறேன்' என்று. வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது அவருடைய அண்ணன் வரைக்கும் தெரிந்துவிட்டது. '377-னு சட்டம் இருக்கு, அந்தப் பையனை உள்ளே தள்ளலாம்' என்று அவர் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பையனை ஆசை காட்டி, மனதைக் கெடுத்து, அடைத்து வைத்திருப்பதாக அதில் இருக்கிறது. அம்மா கையெழுத்து இருந்தால்தான் ஸ்டேஷனில் எடுபடுமாம். அந்தப் பையன் எங்கள் ஆளுங்களும் இல்லை. கோயமுத்தூரில் இதைச் சரி பண்ணும் டாக்டர் இருக்கிறார் என்கிறார் ஒரு ஒரம்பரை. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். காட்டையெல்லாம் பெண் பேருக்கே எழுதிவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். பையன் போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. நான் கையெழுத்துப் போடலாமா? நான் வளர்த்ததில் ஏதாவது தப்பா? எங்கள் காலத்துக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?"

அன்புள்ள அக்காவுக்கு,

போடாதீர்கள். மற்றதையெல்லாம் ஆற அமர எழுதுகிறேன், நீங்களும் மெதுவாகப் படிக்கலாம். அந்த மனு இன்றோ நாளையோ உங்கள் முன்னால் வந்துவிடும் என்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லியாவது தள்ளிப் போடுங்கள்.

நான் ஈரோட்டில் இருபது வருடத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். குடும்பநல வழக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும்தான் என் பிழைப்பு. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "என்னிடம் மட்டும் சொன்னான்" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன். வளர்த்ததில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இது வளர்ப்பால் வருவதும் இல்லை, வளர்ப்பால் போவதும் இல்லை. 28 வருடம் மனதுக்குள் வைத்திருந்ததை ஒரு பிள்ளை அம்மாவிடம் வந்து சொல்கிறான் என்றால் வளர்ப்பில் எங்கேயோ நல்லது நடந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரியவர் சொல்லும் 377 இப்போது சட்டப் புத்தகத்திலேயே இல்லை. வெள்ளைக்காரர்கள் 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் "இயற்கைக்கு மாறான" உறவு என்று சொல்லி ஆயுள் தண்டனை வரை கொடுக்க இடம் வைத்த பிரிவு அது. வயது வந்த இருவர் மனம் ஒப்பித் தனிமையில் இருப்பதை அந்தப் பிரிவுக்குள் இழுக்கக்கூடாது என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். பிறகு 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அது குற்றமே இல்லை என்று முடித்து வைத்தார்கள். அந்த அமர்வில் இருந்த நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இந்த மக்களிடமும் அவர்களுடைய குடும்பத்தினரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பத்தினரிடமும் என்று சேர்த்தாரே, அதில் நீங்களும் உண்டு அக்கா. அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. (அதில் ஒரு குறையும் வந்து சேர்ந்தது. ஆணை ஆண் பலவந்தப்படுத்தினால் வழக்குப் போட முன்பு இருந்த ஒரே நேரடிப் பிரிவும் அதோடு போய்விட்டது. அதைப் பாராளுமன்றம் சரி செய்தே ஆக வேண்டும்.)

அந்தச் சட்டம் ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பியதைவிட, பயத்தில் வைத்திருந்ததுதான் அதிகம். 2014-ல் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு கும்பல் மாதம் தவறாமல் பணம் கறந்துகொண்டிருந்தது. மிரட்டிப் பணம் பறிப்பது பெரிய குற்றம். ஆனால் புகார் கொடுக்கப் போனால் "நீ எதற்கு அங்கே போனாய்?" என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலே அவர் மேல் வழக்காகிவிடும் காலம் அது. நகையை விற்றுக் கட்டிவிட்டு ஊரையே விட்டுப் போய்விட்டார். நான் அவருக்காக ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கு அதே ஆள் வந்தால் தைரியமாகப் புகார் கொடுக்க வைப்பேன். உங்கள் பையனை இப்படி யாராவது மிரட்டினால் பணம் கட்ட வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வையுங்கள். போன், இணையம் வழியாக நடந்தால் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

சரி, மனுவுக்கு வருவோம். உங்கள் மகனுக்கு 28 வயது. ஆசை காட்டிக் கூட்டிப் போனான் என்ற பேச்சு பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குத்தான் பொருந்தும். அடைத்து வைத்திருக்கிறான் என்பது பொய். தினமும் கம்பெனிக்குப் போய் வருகிறவனை, நோம்பிக்கு வீட்டுக்கு வந்து போகிறவனை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள்? பொய் என்று தெரிந்தே போலீசில் புகார் கொடுப்பது தனிக் குற்றம். அந்தக் குற்றத்துக்குக் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். மனுவை எழுதியவர் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

இதே போன்ற ஒரு புகாரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது, வயது வந்த இருவர் மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களைத் துன்புறுத்தும் போலீசார் மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2022-ல் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளையே திருத்தியது. ஆக, அந்த மனு ஸ்டேஷனில் நிற்காது. ஆனாலும் அது முடிந்து போவதற்குள் அந்தப் பையனை அழைத்து உட்கார வைப்பார்கள், கம்பெனிக்குத் தெரியும், வீட்டு ஓனருக்குத் தெரியும். நிற்காத மனுவும் இரண்டு பேர் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

"எங்கள் ஆளுங்களும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்து நகர முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகில் பட்டப்பகலில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். சாதி மாறிக் கல்யாணம் செய்த குற்றத்துக்கு ஒரு பையனை வெட்டிக் கொன்றார்கள். நம் பக்கத்தில் இந்தக் கோபம் எங்கே போய் முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தாவது "முடிச்சிடலாம்", "ஆள் வெச்சுப் பார்த்துக்கலாம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், கோபத்தில் சொல்கிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே பையனிடம் சொல்லுங்கள். இந்த மாதிரி மிரட்டல் இருக்கிறவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் எஸ்.பி., மாவட்ட சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அடங்கிய தனிப் பிரிவு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பில், தன்பாலின இணையர் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் வந்தால், ஆபத்து எவ்வளவு என்று அளந்துகொண்டு உட்காராமல் முதலில் பாதுகாப்புக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்தப் பையன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாக இருந்து, சாதியைச் சொல்லி மிரட்டினாலோ கை வைத்தாலோ 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். இதை உங்கள் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் படிக்கட்டும் என்றே பச்சையாக எழுதுகிறேன்.

டாக்டர் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நோயே இல்லாததற்கு மருந்து எங்கே இருக்கும்? மாற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக்கூடாது என்பதும் அந்த 2021 உத்தரவில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படி வைத்தியம் பார்ப்பது தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதைச் செய்யும் மருத்துவர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கோயமுத்தூரில் நல்ல மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருவர் போக வேண்டும் என்றால் இப்போதைக்கு அது நீங்கள்தான். போன் எடுக்கவே பயம் என்கிறீர்கள். அதற்கு உதவி கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

கல்யாணம் பண்ணி வைத்தால் தெளிந்துவிடும் என்கிறவர்களைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அவர்கள் பேச்சில் அந்தப் பெண் எங்கேயாவது வருகிறாளா பாருங்கள். ஆறேழு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் என் ஆபீசுக்கு வந்தாள். டிகிரி படித்தவள், அறுபது பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடம் கணவன் பக்கத்தில் வரவில்லை. தன் முகம் பிடிக்கவில்லை, தான் குண்டாக இருக்கிறோம் என்று நினைத்து, பாதிச் சாப்பாடு சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டில் அவளுக்கு மலடி என்று பேர். கடைசியில் அவனே அழுதுகொண்டு உண்மையைச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று பந்தக்கால் நடும் வரைக்கும் வீட்டில் கெஞ்சியிருக்கிறான். அவன் பெற்றோருக்கு எல்லாம் தெரியும். இந்த மாதிரி முக்கியமான விஷயத்தை மறைத்துச் செய்த கல்யாணத்தை, தெரிய வந்த ஒரு வருடத்துக்குள் செல்லாது என்று அறிவிக்கும்படி இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். நாங்கள் பரஸ்பர விவாகரத்து வாங்கினோம். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. நீங்கள் எடுத்து வைத்த ஜாதகத்துக்குச் சொந்தக்காரியும் யாரோ ஒருத்தி வயிற்றில் பிறந்த பெண்தான் அக்கா. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காட்டைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. அவர் சம்பாதித்து வாங்கியதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், மகளுக்கு எழுதினால் அதைத் தப்பென்று சொல்லவும் மாட்டேன். பூர்வீகமாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, மகளுக்கும் உண்டு. அதை அப்பா ஒருவராக எழுதிவிட முடியாது. ஆனால் நம் ஊரில் பாட்டன் சொத்து என்று சொல்வதெல்லாம் சட்டத்தின் கண்ணில் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. உங்கள் மாமனார் எப்போது காலமானார், பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒன்று மட்டும் உறுதி. இவன் இப்படிப்பட்டவன், அதனால் வாரிசு உரிமை கிடையாது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. நோய், ஊனம், குறை என்று எதைக் காட்டியும் ஒரு வாரிசை ஒதுக்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. சொத்துக்காகக் கொலை செய்தவன் மாதிரி, சட்டம் தானே பேர் சொல்லி விலக்கிய சிலருக்குத்தான் பங்கு கிடைக்காது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எங்கள் காலத்துக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள்?

பார்க்க ஆள் இருக்கிறான், நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் சட்டத்துக்கு அவன் யாரோ. 2018-ல் குற்றவாளி இல்லை என்று சொன்ன சட்டம், குடும்பம் என்று இன்னும் சொல்லவில்லை. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், தன்பாலின இணையருக்குத் திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை இல்லை என்றும், சட்டம் இயற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்றும் தீர்ப்பளித்தார்கள். சேர்ந்து பிள்ளை தத்தெடுக்கவும் பெரும்பான்மை நீதிபதிகள் ஒப்பவில்லை. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. நேபாளத்தில் 2023-லும் தாய்லாந்தில் 2025 ஜனவரியிலும் இப்படிப்பட்ட திருமணங்கள் பதிவாகத் தொடங்கிவிட்டன. நம் நாட்டில் இல்லை. வேலையிலும் வாடகை வீட்டிலும் கூட நிலைமை இதுதான். அரசு பாகுபாடு காட்டினால் அரசியல் சாசனத்தை வைத்துக் கேட்கலாம். தனியார் முதலாளியோ வீட்டு ஓனரோ காட்டினால் கேட்பதற்கென்று ஒரு சட்டம் தன்பாலீர்ப்பாளர்களுக்கு இல்லை. திருநர்களுக்கு 2019-ல் ஒரு சட்டம் வந்தது, இவர்களுக்கு அதுவும் வரவில்லை. திருப்பூர் கம்பெனிகளில் மட்டும் ஒரு சின்ன பிடிமானம் உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் பலர் பின்பற்றச் சொல்லும் ஈடிஐ (நேர்மையான வணிகத்துக்கான ஒரு கூட்டமைப்பு) அடிப்படை விதிகளில், பாலீர்ப்பை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது. சாதி என்ற சொல்லும் அதே வரியில் இருக்கிறது. உங்கள் மகன் மெர்ச்சன்டைசர் என்பதால் அந்தத் தாள் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று அவனுக்கே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் யோசித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சட்டம் அந்தப் பையனுக்கு இல்லை என்று சொன்னதையெல்லாம் எடுத்து உங்கள் கையில் கொடுத்து வைத்திருக்கிறது. உங்கள் மகன் மயங்கிக் கிடந்தால் ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்கு உங்களைத் தேடுவார்கள், நாலு வருடம் கூட இருந்தவனை வெளியே உட்கார வைப்பார்கள். போலீசில் உங்கள் வார்த்தை எடுபடும். அதனால்தான் அந்த மனுவை உங்களிடம் கொண்டு வருகிறார்கள். சொத்தைப் பாருங்கள். கல்யாணம் ஆகாத, பிள்ளை இல்லாத ஒரு இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசு அவனுடைய அம்மா மட்டும்தான். அப்பா இரண்டாம் வகுப்பில்தான் வருகிறார். நாளைக்கு இருவரும் சேர்ந்து அவிநாசிப் பக்கம் ஒரு சைட் வாங்கி வீடு கட்டுகிறார்கள், பத்திரம் உங்கள் மகன் பேரில், கடனில் பாதியை அந்தப் பையன் கட்டுகிறான் என்று வையுங்கள். வேண்டாத ஒன்று நடந்தால் முழு சைட்டும் உங்களுக்கு வந்துவிடும். உங்கள் பெயரைச் சொல்லிப் பங்காளிகள் போய் அந்த வீட்டைப் பூட்டுவார்கள். இந்தக் காட்சியை வேறு குடும்பங்களில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வாய் விட்டுச் சொல்கிறேன்.

ஆக, இந்த அநியாயம் நடக்க உங்கள் கை வேண்டும். நீங்கள் கையை எடுத்துக்கொண்டால் பாதி நடக்காது.

லீலா சேத் என்று ஒரு அம்மா இருந்தார். 1991-ல் இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனவர், நாட்டிலேயே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவருடைய மூத்த மகனும் தன்பாலீர்ப்பாளர். 2013 தீர்ப்பு வந்ததும், ஒரு தாயாகவும் ஒரு நீதிபதியாகவும் தனக்கு அது எப்படி வலிக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். 2017-ல் காலமாகிவிட்டார், 2018 தீர்ப்பைப் பார்க்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு இளம்பெண்ணை அவள் குடும்பத்தின் பிடியிலிருந்து விடுவித்தபோது, எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல் இருப்பதில்லை என்று நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற ஒன்றும் உண்டு என்று அதே தீர்ப்பில் எழுதினார்கள். 2023-ல் திருமண வழக்கு நடந்தபோது நானூறுக்கும் மேற்பட்ட பெற்றோர் சேர்ந்து தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள், தனியாக இருப்பதாக நினைத்து வெசனப்படாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் பையனுக்குப் போன் செய்து மனு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் விருப்பப்பட்டுத்தான் சேர்ந்து இருக்கிறோம், இப்படி ஒரு பொய்ப் புகார் வரக்கூடும் என்று அவர்கள் இருவரும் ஒரு கடிதம் எழுதி, திருப்பூர் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். உங்களை யாராவது வற்புறுத்தினால் 181-க்கு அழையுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலோ உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ கேட்கலாம்.

அப்புறம் காகிதங்கள். தன்பாலின இணையர் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை ஏதும் இல்லை என்று மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதும்படியும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. நாமினி போட்டுவிட்டால் பணம் அவனுக்கே சொந்தம் என்று நினைக்க வேண்டாம். நாமினி வாங்கி வைத்திருக்கலாம், உரிமை வாரிசுக்குத்தான், அதாவது உங்களுக்கு. மனநல சிகிச்சைக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வந்த யாரும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தனக்குப் பிடித்தவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. மற்ற சிகிச்சைக்கு அப்படி ஒரு எளிய வழி இல்லாததால், "நான் வந்து சேரும்வரை இவன் சொல்வதைக் கேளுங்கள்" என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து வைத்தால் ராத்திரி நேரத்தில் அது பெரிய உதவி.

எல்லாவற்றையும் விட முக்கியம் உயில். உங்கள் மகன் தன் சம்பாத்தியத்தை அந்தப் பையனுக்கு எழுதி வைக்கட்டும், அவன் இவனுக்கு எழுதி வைக்கட்டும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு சாட்சியாக நீங்களே இருக்கலாம். சட்டப்படி எல்லாம் யாருக்கு வர வேண்டுமோ அந்தத் தாயே சாட்சியாக நின்ற உயிலை உடைக்க எந்தப் பங்காளிக்கும் லேசில் முடியாது. கையெழுத்துத்தானே கேட்டார்கள், அதை இங்கே போடுங்கள்.

இன்னொரு சாட்சி வயதில் இளையவராக இருந்தால் நல்லது, பின்னால் கோர்ட்டில் வந்து சொல்ல ஆள் வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் வந்து நின்றுதான் இணைச்சீர் நடக்கும். உங்கள் மகளுக்கு அந்தச் சீர் செய்ய வாய்ப்பு வரப் போவதில்லை. அந்த இரண்டாவது கையெழுத்துக்கு அவளைக் கேட்டுப் பாருங்கள்.